ஜாங்கோ நிரல்களைச் சோதிக்கும் எங்கள் திறமூலக் கருவி: அடுத்த இரண்டாண்டுத் திட்டத்தில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது?

நிரல்வாசி (கேள்வி):

வணக்கம். பைத்தான் மொழிக்கான வலைச் சட்டகமான ஜாங்கோவில் எழுதப்பட்ட வலைச் செயலிகளின் மூல நிரலை இயக்காமலேயே படித்து, பிழை நேரக்கூடிய இடங்களைச் சுட்டிக்காட்டும் ஒரு திறமூலக் கருவியை நானும் இரு நண்பர்களும் ஏழு ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறோம். விளம்பரமாகிவிடக் கூடாது என்பதால் அதன் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. மூவருமே வேறு வேலையில் இருப்பவர்கள். வார இறுதியில் கிடைக்கும் சில மணி நேரத்தைத் தவிர இதற்கு ஒதுக்க எங்களிடம் ஒன்றும் இல்லை. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கான வளர்ச்சித் திட்டத்தை எழுதிக் களஞ்சியத்தில் வைக்க வேண்டும் என்று முடிவெடுத்து மூன்று மாதங்கள் ஆகின்றன. மூவரும் ஆளுக்கொரு திட்டத்தை எழுதி வைத்திருக்கிறோம் என்பதே இதுவரை நடந்த முன்னேற்றம்.

கருவியின் இன்றைய நிலை இது. மொத்தம் 58 விதிகள் இருக்கின்றன. பைத்தானின் ஏஎஸ்டி தொகுதி தரும், நிரலின் இலக்கண அமைப்பைக் காட்டும் தொடரியல் மரத்தைக் கோப்பு கோப்பாகப் படித்து, ஒவ்வொரு கணுவிலும் விதிகளைச் சரிபார்ப்பதுதான் அது செய்யும் வேலை. வினவலை நேரடியாக அனுப்பும் ரா முறைக்குள், மதிப்புகளை உரையாக ஒட்டிவிடும் எஃப்-ஸ்டிரிங் வைத்துத் தரவுத்தள மொழியான எஸ்கியூஎல்லைக் கட்டுவது, பயனர் தந்த உரையை, பாதுகாப்பானது என்று குறிக்கும் மார்க் சேஃப் போட்டு அப்படியே பக்கத்தில் விடுவது, சுழற்சிக்குள் ஃபாரின் கீ வழியாக இன்னோர் அட்டவணையைத் தொட்டு வரிசைக்கு ஒரு வினவலை அனுப்பும் என் பிளஸ் ஒன் சிக்கல் ஆகியவற்றைக் கண்டுபிடிக்கும் விதிகள்தாம் எங்களுக்குப் பயனர்களைச் சேர்த்துத் தந்தவை. இவற்றோடு, பிறர் அனுப்பிய நிரல் மாற்றங்களான புல் ரிக்வெஸ்ட்டுகளை மறுக்க மனமில்லாமல் ஏற்றுக்கொண்ட விதிகளும் ஏராளம். பயன்படாத இம்போர்ட், தரவுத்தள அட்டவணையைக் குறிக்கும் மாடல் வகுப்புக்குள் புலங்களின் வரிசை, மாறிப் பெயரின் நீளம் என்று அந்தப் பட்டியல் எங்கள் கட்டுப்பாட்டை மீறி வளர்ந்துவிட்டது.

முதல் நண்பரின் திட்டம், கருவி முழுவதையும் ரஸ்ட் மொழியில் மறுபடி எழுதுவது. 2022-இல் வந்த, ரஸ்ட்டில் எழுதப்பட்ட ரஃப், வேகம் ஒன்றைக் கொண்டே, நிரலைப் படித்துப் பிழை சொல்லும் பைத்தான் உலகத்தின் பழைய லின்டர்களைப் பின்னுக்குத் தள்ளியதைப் பார்த்த பிறகு, மெதுவான கருவிக்கு எதிர்காலம் இல்லை என்கிறார். இரண்டாமவர், பயனர்கள் தாங்களே விதி எழுதிச் சேர்க்கும்படி ஒரு ப்ளகின் அமைப்பை உருவாக்கிவிட்டால் நம் சுமை குறையும் என்கிறார். என்னுடைய திட்டம், கோப்புகளைத் தனித்தனியாகப் பார்க்காமல் செயலி முழுவதையும் சேர்த்துப் பார்க்கும் பகுப்பாய்வு. மாடல் ஒரு கோப்பிலும், வினவல் இன்னொரு கோப்பிலும், சுழற்சி மூன்றாவது கோப்பிலும் இருக்கும்போது எங்கள் என் பிளஸ் ஒன் விதி ஊகத்தில்தான் பேசுகிறது. திறந்து கிடக்கும் இஷ்யூக்களில் பாதிக்கு மேல் "இது தவறான எச்சரிக்கை" என்னும் முறையீடுகள்தாம்.

மூன்றையும் செய்ய எங்களால் முடியாது. இரண்டையும்கூட முடியாது என்றே நினைக்கிறேன். இத்தகைய கருவியை நீண்ட காலம் நடத்தியவர்களோ, பெரிய அளவில் பயன்படுத்தியவர்களோ இங்கே இருந்தால், எதை அளவுகோலாகக் கொண்டு தேர்ந்தெடுப்பது என்று சொல்லுங்கள். எழுதும் திட்டம் ஏட்டுச் சுரைக்காயாகிவிடாமல் இருக்க அதில் என்னவெல்லாம் இருக்க வேண்டும் என்பதும் என் கேள்வியின் ஒரு பகுதி.

திண்ணை (மறுமொழி):

மூன்று திட்டங்களுமே "எதைக் கட்டுவது" என்ற கேள்வியில் தொடங்குகின்றன. எச்சரிக்கையைப் படிக்கும் ஆள் அதை நம்புகிறாரா என்பதிலிருந்து நான் தொடங்குவேன், ஏனெனில் பகுப்பாய்வுக் கருவியிடம் இருக்கும் ஒரே சொத்து அந்த நம்பிக்கைதான். நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் இப்படிப்பட்ட ஒரு கருவியை ஒரு திங்கட்கிழமை பழைய களஞ்சியத்தில் நிறுவினார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட எச்சரிக்கைகள் வந்தன. வெள்ளிக்கிழமைக்குள் அதை அணைத்துவிட்டார்கள். அந்தக் குவியலுக்குள் உண்மையான எஸ்கியூஎல் ஊடுருவல் வழு (பயனர் தரும் உரை தரவுத்தளக் கட்டளையாகிவிடும் ஓட்டை) ஒன்றும் இருந்தது என்பது எட்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. கருவி பொய் சொல்லவில்லை. ஆனால் கேட்க ஆளில்லாதபடி பேசியது.

இதற்குப் பெரிய இடங்களிலிருந்தே சான்று உண்டு. 2009-ஆம் ஆண்டு மே மாதத்தில் கூகுளில் ஒரு வாரம் ஒதுக்கி, ஜாவாவுக்கான ஃபைண்ட்பக்ஸ் கருவி தந்த எச்சரிக்கைகளைப் பொறியாளர்களைக் கொண்டு பார்க்கச் செய்தார்கள். பார்க்கப்பட்டவை 3,954. அவற்றில் 44 சதவீதத்துக்கு வழு அறிக்கை பதியப்பட்டது. ஆனால் உண்மையில் திருத்தப்பட்டவை 16 சதவீதம் மட்டுமே. வழு என்று ஒப்புக்கொள்வது வேறு, உட்கார்ந்து திருத்துவது வேறு என்பது அங்கே தெரிந்துவிட்டது. பிறகு அவர்கள் கட்டிய டிரைகார்டர் என்னும் தளத்தில், எச்சரிக்கையைப் பார்த்த பொறியாளர் அதன்பேரில் எதுவும் செய்யாவிட்டால் அதையே தவறான எச்சரிக்கையாகக் கணக்கிட்டார்கள். கோட்பாட்டின்படி அது சரியானதாக இருந்தாலும் அப்படித்தான். அந்தக் கணக்கு 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது அங்கே விதிகளுக்கு வைக்கப்பட்ட வரம்பு.

ஃபேஸ்புக்கின் இன்ஃபர் கருவியின் கதை இதைவிடக் கூர்மையானது. முதலில் அதை இரவில் ஓட்டி, கிடைத்த வழுக்களைப் பட்டியலாக உரியவர்களிடம் ஒப்படைத்தார்கள். திருத்தியவர்கள் ஏறத்தாழ யாருமில்லை. அதே பகுப்பாய்வை, நிரல் மாற்றம் மறுஆய்வுக்கு வரும் வேளையில் மாற்றப்பட்ட வரிகளின் அருகிலேயே காட்டியபோது, திருத்தப்பட்டவை 70 சதவீதத்தைத் தாண்டின. இடையில் பகுப்பாய்வு நுட்பம் மாறவில்லை. சொல்லும் நேரமும் இடமும்தான் மாறின. உங்கள் மூன்று திட்டங்களிலும் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது எனக்கு வியப்பாக இருக்கிறது.

ஆகவே, திட்டத்தை எழுதுவதற்கு முன் 58 விதிகளையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரில் இரண்டு கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். இந்த வேலையை வேறு யாராவது நம்மைவிட நன்றாகச் செய்கிறார்களா? இந்த விதி சுட்டிக்காட்டியதை யாராவது உண்மையில் திருத்தியிருக்கிறார்களா? பயன்படாத இம்போர்ட்டை ரஃப் உங்களைவிடப் பல மடங்கு வேகமாகக் கண்டுபிடிக்கிறது. பழைய லின்டரான ஃபிளேக்8 காலத்து ஜாங்கோ ப்ளகினின் விதிகள் சிலவும், பேண்டிட்டின் பாதுகாப்பு விதிகளில் பெரும்பகுதியும் ரஃப்புக்குள்ளேயே வந்துவிட்டன. அவற்றோடு போட்டியிட ரஸ்ட்டில் மறுபடி எழுதுவது, பக்கத்து வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இருக்கிறதென்று நம் வீட்டிலும் அதே ஆழத்துக்குத் தோண்டுவது போன்றது. உங்களுக்கே உரிய விதிகள் எவையோ அவற்றை வைத்துக்கொண்டு, மற்றவற்றைக் கைவிடுவதாகத் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

கைவிட்டால் பயனர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று தோன்றலாம். ஜாவாஸ்கிரிப்ட்டுக்கான லின்டரான ஈஎஸ்லின்ட் உங்களைவிடப் பெரிய கூட்டத்தை வைத்துக்கொண்டு இதைச் செய்தது. வடிவமைப்பு சார்ந்த புதிய விதிகளை இனி ஏற்பதில்லை என்று 2020-இல் அறிவித்தார்கள். 2023-இல், இருந்த வடிவமைப்பு விதிகளையும் வழக்கொழிந்தவை என்று குறித்துவிட்டார்கள். அவற்றை விரும்பியவர்கள் தனித் திட்டமாக எடுத்துப் பராமரிக்கிறார்கள். இரண்டு அறிவிப்புகளுக்கும் இடையே மூன்று ஆண்டுகள் விட்டதைக் கவனியுங்கள்.

நிரல்வாசி:

மிக்க நன்றி. உங்கள் இரண்டாவது கேள்விக்குத்தான் எங்களிடம் விடை இல்லை. கருவி பயனரின் கணினியில் ஓடுகிறது. எந்தத் தகவலையும் நாங்கள் வெளியே எடுப்பதில்லை, எடுக்கவும் விரும்பவில்லை. எந்த எச்சரிக்கையைத் திருத்தினார்கள் என்பதை அறிய கூகுளுக்கும் ஃபேஸ்புக்குக்கும் ஒரே பெரிய களஞ்சியம் கையில் இருக்கிறது. எங்களுக்கு அப்படி ஒன்று இல்லையே?

திண்ணை:

கிட்ஹப்பில் உங்கள் கருவியைப் பயன்படுத்தும் திறமூலச் செயலிகள் இருக்கும் அல்லவா? அவற்றில் ஒரு பத்தைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றின் பழைய நிலையிலும் இன்றைய நிலையிலும் கருவியை ஓட்டி, இடையில் எந்த எச்சரிக்கைகள் மறைந்தன என்று பாருங்கள். அதைவிட எளிய வழி, எந்த விதியை, வரியோரத்தில் எச்சரிக்கையை அடக்கும் நோகியூஏ குறிப்பிட்டோ, அமைப்புக் கோப்பில் எழுதியோ மக்கள் அணைத்திருக்கிறார்கள் என்று தேடுவது. மூன்றில் ஒரு செயலி அணைத்து வைத்திருக்கும் விதியைக் காப்பாற்ற வேண்டிய அவசியம் என்ன?

தொடரியல் (மறுமொழி):

எது பயனர்களுக்குத் தேவை என்பதைத் திண்ணை சொல்லிவிட்டார். விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் உங்கள் நேரத்தை எது தின்னப்போகிறது என்பதை நான் சொல்கிறேன், ஏனெனில் திட்டங்கள் பெரும்பாலும் அங்கேதான் உடைகின்றன.

3.9 பதிப்பிலிருந்து பைத்தான் ஆண்டுதோறும் அக்டோபரை ஒட்டி ஒரு புதிய பதிப்பை வெளியிடுகிறது. 2021-இல் வந்த 3.10 மேட்ச் கட்டளையைக் கொண்டுவந்தது. 2023-இல் வந்த 3.12, எஃப்-ஸ்டிரிங்கின் இலக்கணத்தையே மாற்றி, அதற்குள் எத்தகைய கோவையும் வரலாம் என்றாக்கியது. 2025-இன் 3.14, நீண்ட காலம் வழக்கொழிந்தவையாக இருந்த ஏஎஸ்டி நம் (எண்), ஏஎஸ்டி எஸ்டிஆர் (சரம்) ஆகிய கணு வகைகளை நீக்கிவிட்டது. ஏழாண்டுப் பழைய உங்கள் கருவியில் எங்காவது ஒரு மூலையில் அவை இருக்கும், போய்ப் பாருங்கள். அதே 3.14-இல் டி-ஸ்டிரிங் என்னும் புதிய வகைச் சரமும் வந்திருக்கிறது. பார்வைக்கு அது எஃப்-ஸ்டிரிங் போலவே இருந்தாலும், உள்ளே வைத்த மதிப்புகளை உடனே உரையாக ஒட்டிவிடாமல் தனித்தனியாகவே வைத்திருக்கிறது. எனவே அதைக் கொண்டு எஸ்கியூஎல்லைப் பாதுகாப்பாகக் கட்ட வழி பிறக்கிறது. உங்கள் பெயர்பெற்ற ஊடுருவல் விதி அந்த இரண்டையும் பிரித்தறியாவிட்டால், சரியான நிரலை எழுதுபவரைத்தான் அது முதலில் திட்டும்.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. பைத்தானின் ஏஎஸ்டி தொகுதி, தான் ஓடும் பதிப்பின் இலக்கணத்தை மட்டுமே அறியும். 3.10-இல் நிறுவப்பட்ட கருவி 3.12-க்கான நிரலைக் கண்டால் தொடரியல் பிழை என்று நின்றுவிடும். அத்தொகுதி நிரலிலுள்ள கருத்துரைகளைக் காப்பதுமில்லை. ஆகவே தானாகத் திருத்தித் தரும் வசதியை என்றாவது சேர்க்க நினைத்தால் கருத்துரைகளையும் காக்கும் லிப்சிஎஸ்டி போன்ற வேறொன்றை நாட வேண்டியிருக்கும். ரஃப் குழு முதலில் ரஸ்ட்பைத்தான் என்னும் திட்டத்தின் பகுப்பியை, அதாவது நிரலைத் தொடரியல் மரமாக்கும் பகுதியை, பயன்படுத்தி, பின்னர் 2024 ஏப்ரலில் 0.4 பதிப்பில் கையால் எழுதிய சொந்தப் பகுப்பிக்கு மாறியது. முழுநேர ஊழியர்களைக் கொண்ட நிறுவனம் அந்தப் பாதையில் நடந்தது. வார இறுதியில் மூன்று பேர் நடக்கக் கூடிய பாதை அது அல்ல. உங்கள் முதல் நண்பருக்கு இதை மென்மையாகச் சொல்லுங்கள்.

ஜாங்கோவின் பக்கத்திலும் ஒரு நாள்காட்டி இருக்கிறது. ஏறத்தாழ எட்டு மாதத்துக்கு ஒரு புதிய பதிப்பு வருகிறது; நீண்டகால ஆதரவுள்ள 4.2-க்கு 2026 ஏப்ரல் வரையிலும், 5.2-க்கு 2028 ஏப்ரல் வரையிலும் பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு என்று அறிவித்திருக்கிறார்கள். எந்த ஜாங்கோவையும் எந்தப் பைத்தானையும் நீங்கள் ஆதரிக்கிறீர்கள், எப்போது கைவிடுவீர்கள் என்ற அட்டவணையைத் திட்டத்தில் வைத்தாலே உங்கள் இரண்டாண்டு நேரத்தில் கணிசமான பகுதிக்குக் கணக்குக் கிடைத்துவிடும். மீதி இருப்பதைக் கொண்டுதான் புதிய வேலையைத் திட்டமிட முடியும்.

இனி உங்கள் சொந்தத் திட்டத்துக்கு வருகிறேன். கோப்புகளைக் கடந்த பகுப்பாய்வு சரியான திசைதான். ஆனால் அதில் முதலிலேயே முடிவெடுக்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது. மாடல்களைப் பற்றிய அறிவை எங்கிருந்து பெறப்போகிறீர்கள்? பைலின்ட் என்னும் லின்டருக்கான ஜாங்கோ ப்ளகினும், தரவு வகைகளைச் சரிபார்க்கும் மைபைக்கான ஜாங்கோ ஸ்டப்ஸும் செயலியின் அமைப்புகள் இருக்கும் செட்டிங்ஸ் தொகுதியைக் கேட்டு வாங்கி, ஜாங்கோவை உண்மையிலேயே எழுப்பி, மாடல்களை அதனிடமே விசாரிக்கின்றன. விடை துல்லியமாகக் கிடைக்கும். ஆனால் அன்றிலிருந்து உங்கள் கருவி, நிரலை இயக்காமல் படிக்கும் கருவி அல்ல. செயலியின் சார்புகள் எல்லாம் நிறுவப்பட்டிருக்க வேண்டும், ரகசியச் சாவிகள் சூழல் மாறிகளில் இருக்க வேண்டும், முன்பின் தெரியாதவர் அனுப்பிய புல் ரிக்வெஸ்ட்டைச் சோதிக்கும்போது அவருடைய நிரல் உங்கள் சோதனைக் கணினியில் ஓடும். பாதுகாப்புக்காக நிறுவிய கருவியே வாசலைத் திறந்துவிடலாகாது. நானாக இருந்தால் மாடல்கள் இருக்கும் கோப்புகளைத் தொடரியல் மரமாகவே படித்து, எந்தப் புலம் எந்த மாடலைச் சுட்டுகிறது என்ற ஒரு சிறிய அட்டவணையை மட்டும் உருவாக்குவேன். ஃபாரின் கீயின் முதல் வாதம் பெரும்பாலும் வகுப்பின் பெயராகவோ சரமாகவோ இருப்பதால் பத்தில் எட்டு இடங்களில் இதுவே போதும் என்பது என் மதிப்பீடு. கண்டுபிடிக்க முடியாத இடத்தில் ஊகிக்காமல் மௌனமாக இருங்கள்.

பக்க வார்ப்புருக்களான டெம்ப்ளேட்டுகளை மட்டும் இந்த இரண்டு ஆண்டில் தொடாதீர்கள். என் பிளஸ் ஒன் சிக்கலில் பெரும்பகுதி அங்கேயுள்ள சுழற்சிகளில்தான் பிறக்கிறது என்பது உண்மையே. ஆயினும் ஜாங்கோவின் டெம்ப்ளேட் பகுப்பி, தனக்குத் தெரியாத ஒரு டேகைக் கண்டவுடன் பிழை என்று நின்றுவிடும். செயலிகள் தாமே எழுதிக்கொள்ளும் டேகுகளை அறிய வேண்டுமானால் மறுபடியும் செயலியை எழுப்ப வேண்டியதாகும். அங்கே பிறக்கும் சிக்கலைக் கண்டுபிடிக்க, ஓடும்போதே வினவல்களை எண்ணிக் காட்டும் ஜாங்கோ டீபக் டூல்பார் இருக்கிறது.

சாவடி (மறுமொழி):

சிறு குறிப்பு. நான் பயனர் மட்டுமே. இத்தகைய கருவி எதையும் எழுதியதில்லை. ஒரு கருவியைப் பழைய செயலியில் சேர்க்க முடிவதும் முடியாமல் போவதும் ஒரே ஒரு வசதியைப் பொறுத்தது என்பது என் அனுபவம்: இன்று வரை உள்ள எச்சரிக்கைகளை ஒரு கோப்பில் எழுதி ஒதுக்கிவைத்துவிட்டு, நாளை முதல் வருவதை மட்டும் சொல் என்று கேட்கும் வசதி. பிஎச்பி மொழிக்கான பகுப்பாய்வுக் கருவியான பிஎச்பிஸ்டானில் இது வெகுநாளாக உண்டு. ஈஎஸ்லின்ட்டிலும் 2025-இல் வந்தது. பிஎச்பிஸ்டானில் கடுமையைப் படிப்படியாக உயர்த்தும் நிலைகளும் உண்டு; சுழியத்தில் தொடங்கிப் பத்து வரை ஏறலாம். எங்கள் குழு ஐந்தில் ஏறி ஐந்திலேயே உட்கார்ந்திருக்கிறது. ஆனாலும் கருவி இன்னும் அணைக்கப்படவில்லை. உங்கள் மூன்று பெரிய திட்டங்களுக்கும் முன்னால், ஒரு மாதத்தில் முடியக்கூடிய இந்த வேலையைச் செய்தால் என் போன்றவர்கள் உங்களை வாழ்த்துவோம்.

பழந்தச்சன் (மறுமொழி):

மேலே மூவரும் நிரலைப் பற்றிப் பேசிவிட்டார்கள். நான் சாவிகளைப் பற்றிப் பேசுகிறேன்.

திண்ணை குறிப்பிட்ட ஃபைண்ட்பக்ஸ் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் பிறந்தது. ஒரு காலத்தில் ஜாவா எழுதும் நிறுவனங்கள் பெரும்பாலானவற்றில் அது ஓடியது. அதன் கடைசிப் பதிப்பான 3.0.1 வெளிவந்தது 2015 மார்ச்சில். 2016 நவம்பரில் அதன் பராமரிப்பாளர்களுள் ஒருவர், இன்றைய வடிவில் இந்தத் திட்டம் இறந்துவிட்டது என்று வெளிப்படையாக எழுத வேண்டியதாயிற்று. திறமையான ஆட்கள் இருந்தார்கள், பயனர்கள் இருந்தார்கள், திருத்தங்களும் காத்திருந்தன. ஆனால் வலைத்தளத்துக்கும் வெளியீட்டுக்கும் உரிய முழு நிர்வாக உரிமை ஒருவரிடம் மட்டுமே இருந்தது, அவரைத் தொடர்புகொள்ள முடியவில்லை. மற்றவர்கள் அடுத்த ஆண்டு ஸ்பாட்பக்ஸ் என்ற புதிய பெயரில் கிளைத்துத் தொடர்ந்தார்கள். அதுவே நல்ல முடிவாக அமைந்தது என்பது வேறு செய்தி. ஆனால் பெயர் மாறிய ஒவ்வொரு முறையும் பழைய பெயரில் நின்றுவிடும் பயனர்கள் உண்டு.

ஆகவே நிரல்வாசி, பைத்தான் தொகுப்புகளின் பொதுக் களஞ்சியமான பைபிஐயில் உங்கள் தொகுப்பின் உரிமையாளர்களாக எத்தனை பேர் பதிவாகியிருக்கிறார்கள் என்று இன்றைக்கே பாருங்கள். ஒருவர் என்றால், அவருடைய கைபேசி தொலைந்து, இரு அடுக்குச் சரிபார்ப்புக்கான மீட்புக் குறியீடுகளும் கிடைக்காமல் போகும் நாளில் உங்கள் ஏழாண்டு உழைப்புக்கு யார் அடுத்த பதிப்பை வெளியிடுவது? கிட்ஹப்பிலிருந்து நேரே வெளியிடும் நம்பகப் பதிப்பு முறை பைபிஐயில் 2023 முதல் இருக்கிறது. தனி ஒருவரின் கணினியில் இருக்கும், கடவுச்சொல் போன்ற டோக்கனை விட்டுவிட்டு அதற்கு மாறுங்கள். ஒரு மாலை நேர வேலை.

இரண்டாவது நண்பரின் ப்ளகின் யோசனையைப் பற்றி யாரும் பேசவில்லை. எனக்கு அதில் அச்சம் உண்டு. ப்ளகின் அமைப்பை வெளியிட்ட நாளில், உங்கள் உள் அமைப்பு உங்களுடையதாக இருப்பது நின்றுவிடும். எந்தக் கணுவை எந்தப் பெயரில் தருகிறீர்கள் என்பதுகூட வெளியுலகத்துக்குத் தந்த வாக்குறுதியாகிவிடும். ஈஎஸ்லின்ட்டின் புதிய அமைப்புக் கோப்பு முறைக்கான முன்மொழிவு 2019-இல் எழுதப்பட்டது. அதுவே இயல்பான முறையாக ஆனது 2024 ஏப்ரலில் வந்த 9-ஆம் பதிப்பில்தான். ப்ளகின்களின் பெரிய உலகத்தை உடைக்காமல் நகர்த்த வேண்டியிருந்ததும் அந்த ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு காரணம். மறுபக்கத்தில், ரஃப் ப்ளகின் அமைப்பே இல்லாமல் வளர்ந்தது. ஃபிளேக்8 ப்ளகின்களின் விதிகளைத் தானே மறுபடி எழுதி உள்ளே வைத்துக்கொண்டது. அதற்கும் விலை உண்டு. தன் நிறுவனத்துக்கென்று ஒரு விதி வேண்டுமென்பவர் இன்னமும் ஃபிளேக்8-ஐயோ பைலின்ட்டையோ தேடிப் போகிறார். உங்கள் செயலி முழுவதுக்குமான பகுப்பாய்வு இன்னும் பிறக்கவேயில்லை. அது நிலைபெறுவதற்கு முன் ப்ளகின்களுக்குக் கதவைத் திறந்தால், பிறகு எதை மாற்றினாலும் யாராவது ஒருவருடைய விதி உடையும். எனவே அது முதல் இரண்டு ஆண்டுகளுக்குரியது அல்ல.

பதிப்பெண் பற்றியும் ஒரு சொல். பகுப்பாய்வுக் கருவியில் ஒரு விதி கூர்மையடைந்தாலே, நேற்று வரை கடந்துசென்ற நிரல் இன்று சோதனையில் தோற்கும். அது வழுத்திருத்தமா, உடைக்கும் மாற்றமா என்ற சண்டை எல்லாக் கருவிகளிலும் நடந்திருக்கிறது. புதிய விதி முதலில் சோதனை நிலையில் மட்டுமே கிடைக்கும், குறிப்பிட்ட பதிப்புகளில் மட்டுமே அது இயல்பாக இயங்கத் தொடங்கும் என்று எழுதி வைத்துவிட்டால் பாதிச் சண்டை ஓயும். ரஃப் இதற்கு முன்னோட்ட நிலை ஒன்றை வைத்திருக்கிறது. 2023 அக்டோபரில் வந்த அதன் 0.1 பதிப்பிலிருந்து, தானியங்கித் திருத்தங்களையும் பாதுகாப்பானவை, பாதுகாப்பற்றவை என்று பிரித்து, பின்னதைப் பயனர் கேட்டால் மட்டுமே செய்கிறது.

நிரல்வாசி:

அனைவருக்கும் நன்றி. சனிக்கிழமை மூவரும் சேர்ந்து உட்கார்ந்து, திண்ணை சொன்னபடி விதிகளைத் தாளில் எழுதினோம். 58-இல் 22 விதிகளை ரஃப் எங்களைவிட நன்றாகவே செய்கிறது. இன்னும் 11 விதிகள் வெறும் ரசனை சார்ந்தவை. அவற்றில் நான்கு நான் எழுதியவை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். மீதி 25-இல் 16 விதிகளுக்கு ஒரு கோப்பைப் பார்த்தால் போதும். ஒன்பதுக்கு மட்டுமே செயலி முழுவதும் தேவைப்படுகிறது. ஆக, என்னுடைய "பெரிய" திட்டம் உண்மையில் ஒன்பது விதிகளுக்கானது; அந்த ஒன்பதில்தான் முறையீடுகளும் குவிந்து கிடக்கின்றன.

களஞ்சியத்தில் இன்று வைத்திருக்கும் வரைவு இப்படி இருக்கிறது. அடுத்த வெளியீட்டில் 33 விதிகளை வழக்கொழிந்தவை என்று குறித்து, ஒவ்வொன்றுக்கும் எதிரில் அதற்கு இணையான ரஃப் விதி எது என்பதை, இருந்தால், எழுதுகிறோம்; ஓராண்டு கழித்து நீக்குகிறோம். அதே வெளியீட்டில் சாவடி கேட்ட ஒதுக்கிவைக்கும் கோப்பு வருகிறது. பிறகு, டி-ஸ்டிரிங்கைப் பிரித்தறியும்படி ஊடுருவல் விதியைத் திருத்துகிறோம். அதற்குப் பிறகே மாடல் அட்டவணை, அதுவும் செட்டிங்ஸைத் தொடாமல், தொடரியல் மரத்திலிருந்து மட்டும். ப்ளகின், ரஸ்ட், டெம்ப்ளேட் மூன்றும் "இந்த இரண்டு ஆண்டுகளில் செய்யமாட்டோம்" என்ற தலைப்பின் கீழ்க் காரணங்களோடு இருக்கின்றன. ரஸ்ட் நண்பர், அளந்து பார்க்காமல் தோற்கமாட்டேன் என்று சொல்லி எங்கள் கருவி ஓடும்போது எந்தப் பகுதிக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்து பார்த்தார். ஒரே கோப்பை ஒவ்வொரு விதிக்கும் தனித்தனியாகப் படித்துக்கொண்டிருந்தோம் என்பது தெரிந்தது. ஒருமுறை மட்டும் படிக்கும்படி அவரே மாற்றி அனுப்பிய புல் ரிக்வெஸ்ட் இப்போது மறுஆய்வில் இருக்கிறது.

பைபிஐயில் உரிமையாளர் ஒருவர்தான் இருந்தார், நான். இப்போது மூவர்.

ஒன்று மட்டும் முடிவாகவில்லை. மாடலைக் கண்டுபிடிக்க முடியாத இடத்தில் மௌனமாக இருக்கும்படி தொடரியல் சொன்னார். அப்படி இருந்தால், எதையும் பார்க்கவில்லை என்பதும் பார்த்ததில் பிழையில்லை என்பதும் பயனருக்கு ஒன்றாகவே தோன்றுமே?

தொடரியல்:

எச்சரிக்கையாகச் சொல்லாதீர்கள்; ஓட்டம் முடிந்தபின் வரும் கடைசி வரியில் சொல்லுங்கள். இத்தனை சுழற்சிகளைப் பார்த்தோம், இத்தனையில் மாடல் தெரியவில்லை என்ற இரண்டு எண்கள் போதும். தெரியாதவை எந்தெந்த வரிகள் என்று கேட்பவருக்கு மட்டும் காட்ட ஒரு தனித் தெரிவு வைத்துவிடுங்கள். அந்த இரண்டாவது எண் ஒவ்வொரு வெளியீட்டிலும் குறைகிறதா என்று நீங்களும் கவனித்து வரலாம். திண்ணையிடம் நீங்கள் முறையிட்டீர்களே, அளக்க எதுவும் இல்லையென்று, அதற்கும் இது உதவும்.